இருபத்தேழாம் பாத்தி

மண்ணில் குத்தி நிறுத்தியிருந்த பாரையைப் பிடுங்கியபோது அதன் அலகில் ஒரு வேர்த்துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். மேல்தோல் சிவப்பு, வெட்டுப்பட்ட இடம் வெள்ளை, அந்த வெள்ளையில் பொட்டுப் பொட்டாக ஈரம். ஒன்பது வருடமாக வேர் வெட்டிப் பிழைக்கிறவனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருக்கிறேன் என்பதுதான் விஷயம். மதியச் சாப்பாடு முடித்து, கை கழுவி, அடுத்த பாத்திக்குக் கிளம்பலாம் என்று எழுந்த நேரம். என் மனைவி இரண்டடி தள்ளி நின்று, இருபத்தேழாம் பாத்திச் செடியின் உச்சியில் விட்டிருந்த புதுத் தளிரை, குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேர்த்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது.

"வியாழக்கிழமை டாக்டரம்மா வர்றப்ப இந்தத் தளிர் விரிஞ்சிரும், பாருங்க," என்றாள்.

"விரியும், விரியும்."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தண்ணி குடிச்சேன், புரையேறிருச்சு," என்றேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் உறவுக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. செடியை நட்டுவிட்டு, அது வளர்கிறதா என்று ஒன்பது வருடம் நின்று பார்ப்பதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஜீப், அதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை என்றால், கேட்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விஷயம் என்னவோ எளிமையானதுதான். காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் சின்னச் செடிகள் இருக்கின்றன. பல செடிகள் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. சாவதுமில்லை, வளர்வதுமில்லை. மேலே பெரிய மரங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொள்வதாலா, அல்லது கீழே அவற்றின் வேர்கள் தண்ணீரையும் சத்தையும் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுவதாலா? மேலே இருட்டா, கீழே பங்காளிச் சண்டையா? இதைத்தான் டாக்டரம்மா கண்டுபிடிக்க நினைத்தார். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மரம் செடி படித்த டாக்டர். இது தெரியாமல் என் கொழுந்தியாள் ஒருமுறை அவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டாள். அவரும் முகம் சுளிக்காமல், "கொஞ்ச நாள் படி ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதில்தான் வலி போனது என்று கொழுந்தியாள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மொத்தம் அறுபத்து நான்கு பாத்திகள், பாத்திக்கு ஒரு செடி. பாதிப் பாத்திகள், பெரிய மரம் விழுந்து வானம் திறந்துகொண்ட இடங்களில். மீதிப் பாதி, நட்ட நடுப் பகலிலும் சாயங்காலம்போல இருக்கும் அடர்ந்த நிழலில். இரண்டிலும் சரிபாதிக்குச் சிவப்புக் குச்சி, சரிபாதிக்கு வெள்ளைக் குச்சி. சிவப்புக் குச்சி என்றால் என் ஆட்சி. செடியைச் சுற்றி ஒரு எட்டுத் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு வட்டப் பள்ளம் வெட்டி, பெரிய மரங்களிலிருந்து உள்ளே வரும் வேர்களை எல்லாம் பாரையால் துண்டித்து, மண்ணைத் திரும்ப மூட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை. என் பாரை சாதாரணக் கடப்பாரை இல்லை. நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு உளி மாதிரி அலகு வைத்து அடித்தது. வெள்ளைக் குச்சி என்றால் நான் எட்டி நிற்க வேண்டியவன். முதல் நாளே டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார்: "வெள்ளைக் குச்சி பக்கத்துல ஒரு ஆணிகூட மண்ணுக்குள்ள இறங்கக் கூடாது." நான் தலையாட்டினேன். என் மனைவி எழுதிக்கொண்டாள்.

நான் வெட்டுவேன், அவள் அளப்பாள். ஆபீஸில் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். எல்லாரும் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே எழுதிவிட்டுப் போகிற இடத்தில், அவள் தரையில் படுத்து, கண்ணை அளவுகோலுக்கு நேராக வைத்து, "நாப்பத்தெட்டு புள்ளி மூணு" என்பாள். நான் "நாப்பத்தெட்டு" என்று எழுதினால் நோட்டைப் பிடுங்கிப் பார்ப்பாள். எனக்கு என்ன பெயர் என்று கேட்கிறீர்களா? பள்ளம். காலையில் நாங்கள் ஜீப்பில் ஏறும்போது டிரைவர், "மில்லிமீட்டரும் பள்ளமும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்பான். ஒரு கல்யாணப் பத்திரிகையில் சேர்த்துப் போடக்கூடிய பெயர்கள் இல்லைதான், ஆனாலும் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

இந்த ஒன்பது வருடத்தில் அவள் என்னை அதிகமாகக் கிண்டல் செய்தது இருபத்தேழை வைத்துத்தான். அது நிழல் பாத்தி, வெள்ளைக் குச்சி. அதாவது மேலே இருட்டு, கீழே சண்டை, இரண்டும் உள்ள இடம். அந்த மாதிரிப் பாத்தி பதினாறு இருக்கிறது. பதினைந்தில் செடிகள் முழங்காலோடு நின்றுவிட்டன. இருபத்தேழு மட்டும் என் இடுப்புக்கு வந்துவிட்டது. தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு. மூன்றாம் வருடமே அவள்தான் டாக்டரம்மாவிடம் போய், "இது மத்தது மாதிரி இல்லம்மா, இது வேற ரகம்" என்று சொன்னாள். அன்றிலிருந்து, நான் வெயிலில் முதுகு ஒடியப் பள்ளம் வெட்டிவிட்டு மூச்சு வாங்கும்போதெல்லாம், "எதுக்குங்க இப்படிக் கஷ்டப்படுறீங்க? உங்க பள்ளம் இல்லாமலே என் இருபத்தேழு எப்படி வளருறான் பாருங்க" என்பாள். எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. நம் வெட்டினால் ஏதாவது ஆகிறதா, அல்லது சும்மா மண்ணைத் தோண்டித் தோண்டி மூடுகிறோமா என்று.

இப்போது அந்தக் கிண்டல் பெரிய விஷயமாகிவிட்டது. எந்த விதை எந்தத் தாய்மரத்திலிருந்து வந்தது என்று நோட்டில் இருக்கிறது. இருபத்தேழின் தாய்மரத்திலிருந்து விதை சேகரித்து, இருபதாயிரம் கன்று வளர்த்து, அழிந்துபோன காட்டின் நிழல் பகுதிகளில் நடுவது என்று டாக்டரம்மா திட்டம் போட்டிருந்தார். அதற்கு ஆற்றோரத்தில் ஒரு புது நர்சரி. அதற்குப் பொறுப்பாளர் என் மனைவி. செடியைக் கண்டுபிடித்தது அவள்தானே, அவளே வளர்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை இருபத்தேழைப் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகப் பேச்சு. என் மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுக்குக் கீழே ஆறு பேர், அவளுக்கென்று ஒரு மேசை, பூட்டும் சாவியும். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளைப் பார்த்து, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார்.

நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன் என்றுதான் வெளியே சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடிக்கவில்லை. நர்சரி போகிற ஜீப் வேறு, வருகிற நேரம் வேறு. காட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடே வேண்டாம் என்றிருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், மூன்று வாரமாக வேறு என்னென்னவோ சொல்லி வைத்திருந்தேன். "ஒத்தச் செடிய நம்பி ஒரு நர்சரியா?" "இருபதாயிரத்துல பாதி செத்தா உன் தலையிலதான் விடியும்." ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் திரும்பிக் கேட்டாள்: "உங்களுக்கு வயித்தெரிச்சலா?" "எனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று கத்தினேன். கத்திய விதத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் என் சட்டைப் பையில் அந்த வேர்த்துண்டு.

எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. காட்டில் பாரையைக் கீழே போட மாட்டோம். கணுக்கால் வரை சருகு, போட்டால் மறைந்துவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை போட்டுவிட்டு அரை நாள் தேடினேன். இன்னொருமுறை டிரைவர் அதை மிதித்து ஒரு வாரம் நொண்டினான். அதனால் வேலை முடிந்ததும் பாரையை ஓங்கி மண்ணில் குத்தி நட்டு வைப்பது வழக்கம். இருபத்தேழுக்குப் பக்கத்தில் தட்டையான பாறை ஒன்று இருக்கிறது, இருவர் உட்காரத் தோதானது. அந்தப் பகுதியில் வேலை இருக்கிற நாளெல்லாம் அங்கேதான் சாப்பாடு. எறும்பு ஏறாமல் இருக்க, சாப்பாட்டுப் பையைக் குத்தி நிறுத்திய பாரையின் தலையில் மாட்டிவிடுவோம். பை கனம், பழைய ஓட்டையில் குத்தினால் பாரை சாய்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் புது இடம், ஓங்கி மூன்று குத்து. அப்படிக் குத்துவது வேர் வெட்டுவது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்டுவது வேலை. அது ஓய்வு. வேலை நேரத்தில் வெள்ளைக் குச்சிக்குப் பத்தடி தள்ளி நடந்த அதே ஆள், சாப்பாட்டு நேரத்தில் அதன் பக்கத்திலேயே பாரையை இறக்கியிருக்கிறேன். ஒன்பது வருடம்!

அன்று சாயங்காலம் மழை பெய்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, அவள் முப்பத்தொன்றாம் பாத்தியில் படுத்து அளந்துகொண்டிருந்தபோது, "பாரைய மறந்து இருபத்தேழுலயே விட்டுட்டேன், எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பாறைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுச் சருகை விலக்கினேன். மண்ணில் கீறல்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். புதியவை கத்தி வைத்ததுபோல நேராக, பழையவை தழும்புபோல மங்கலாக. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தேன். தண்ணீர் ஓடாமல் கீறல் கீறலாக உள்ளே இறங்கியது. ஈரமான அந்தக் கோடுகளைத் தொடர்ந்துகொண்டே போனால், அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் செடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தன. நான் சிவப்புக் குச்சிகளுக்கு வெட்டுகிற வட்டத்தின் அளவேதான். மரங்கள் உறிஞ்சுகிற வேரில் முக்கால்வாசி மேல் மண்ணில் ஒரு சாணுக்குள்தான் இருக்கும், பாரை இறங்குவதும் ஒரு சாண்தான்.

நிழலில் சிவப்புக் குச்சி நட்ட செடிகளின் உயரம் எனக்குத் தெரியும், எத்தனை தடவை என் கையால் எழுதியிருப்பேன். தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றாறு. இருபத்தேழு அதிசயப் பிறவி இல்லை. நிழலில் வேர் வெட்டிய செடிகளுக்கு நடுவில் நிறுத்தினால் ஆள் அடையாளமே தெரியாது. என் பள்ளங்கள் வீண் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஜெயித்தவன் நான். ஆனால் மண்ணில் மண்டியிட்டுக்கொண்டு எனக்கு அழுகை வந்தது.

சொன்னால் நர்சரி போச்சு. சொல்லாவிட்டால் இருபதாயிரம் கன்றும் முழங்காலோடு நிற்கும்போது அவள் தலை உருளும். சொல்ல வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று வாரமாக முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது ஒரு வேர்த்துண்டைக் கொண்டுபோய் நீட்டினால், அவள் என்ன நினைப்பாள்? அதைவிட மோசம், அவள் போகாமல் இருப்பாள் என்று எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியோடு போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் சொல்லத் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலம் துணி ஊறப்போடும்போது அவள் சட்டைப் பையில் கைவிட்டாள். சமையலறை வாசலில் ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் வேர்த்துண்டுமாக வந்து நின்றாள். அது உலர்ந்து சுருங்கியிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"இது எந்தப் பாத்தி?"

"இருபத்தேழு."

அவள் முகம் மாறியது. சட்டையை நாற்காலியில் போட்டாள்.

"பாரைய தோள்ல வெச்சுக்கிட்டே பாரையத் தேடப் போனீங்களே, அப்பவே நினைச்சேன். நான் போகக் கூடாதுன்னு நீங்களே போய் வெட்டிட்டீங்களா?"

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை, மூன்று வாரமாக நான் பேசிய பேச்சு அப்படி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் சொன்னேன்.

"இன்னைக்கு வெட்டலம்மா. ஒன்பது வருஷமா வெட்டிட்டு இருக்கேன். நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது."

பாரையைக் குத்தி நிறுத்துவதையும், கீறல்களையும், தண்ணீர் இறங்கியதையும் சொன்னேன். பையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாயில் வாளி நிரம்பி வழிந்தது. போய் மூடிவிட்டு வந்தாள். பிறகு சட்டையை எடுத்துப் போய் அலசினாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் அலசினாள். அன்று தட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

புதன்கிழமை காலை ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராக இருபத்தேழுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சருகை முழுக்கக் கையால் ஒதுக்கினாள். செடியின் தண்டில் நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கீறலாகப் படுத்து அளந்தாள். தூரம், நீளம், ஆழம், திசை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எண்பத்தி ஒண்ணு புள்ளி நாலு. ஒன்பது புள்ளி ரெண்டு. பதினாறு." அழுதுகொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஆனால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை விடவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் எண்பத்து மூன்று கீறல்கள். மண்ணுக்குள் மூடிப்போனவை எத்தனையோ.

கடைசிக் கீறலில் அளவுகோலை வைத்தவள் நிறுத்திவிட்டாள். வட்டத்தின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தாள், வடக்குப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, இலைகளுக்கு நடுவே காசு காசாக வெயில் விழும் ஓட்டைகளைப் பார்த்தாள்.

"வெயில் படுது, சாப்பாடு கெட்டுரும், தள்ளிக் குத்துங்க, இன்னும் தள்ளிக் குத்துங்கன்னு..." என்றாள். "நான்தானே சொன்னேன்."

வெயில் மாதத்துக்கு மாதம் நகரும். பையும் அதோடு நகர்ந்தது. அப்படித்தான் வட்டம் முழுமையானது.

"குத்தினது நான்," என்றேன்.

"மாட்டினது நான்."

"அதனாலதான் பையப் பத்திச் சொல்லல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இந்தா பாரு. டாக்டரம்மாகிட்ட நீ சொல்லலன்னா நானும் சொல்லல. சருகை மூடிட்டுப் போயிருவோம். நீ நர்சரிக்குப் போ. எனக்குப் பிடிக்கலதான். தனியா உக்காந்து சாப்பிடணுமேன்னுதான் பிடிக்கல, வேற ஒண்ணுமில்ல. அதுக்காக நீ போகாம இருக்க வேண்டாம்."

"இதை மூணு வாரம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத் தெரியல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததில் மண் இன்னும் பரவியது.

"இருபதாயிரம் கன்னு. கொண்டுபோய் இருட்டுல நட்டா, அத்தனை கன்னுக்கும் சுத்திச் சுத்தி யாரு பாரையோட போய்ச் சாப்பிடுவா? நீங்களா?" என்றாள். "தொண்ணூத்தி நாலு புள்ளி ஆறை நான் ஒருநாளும் தொண்ணூத்தி அஞ்சுன்னு எழுதினதில்ல. எழுதினதைக் குடுங்க, சரி பாக்கணும்."

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். தளிர் விரிந்திருந்தது. அவர் குனிந்து பார்த்து, "அடேயப்பா" என்றார். என் மனைவி நோட்டை நீட்டினாள். கையைப் பிசைந்துகொண்டு, நின்ற இடத்திலிருந்து நகராமல், எல்லாவற்றையும் சொன்னாள். பாரை, பை, வெயில், கீறல். நடுவில் நான், "தப்பு என் மேலதாம்மா" என்று புகுந்தேன். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். டிரைவர் மரத்துக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கீறல் ஒன்றில் விரலைவிட்டுப் பார்த்தார். பிறகு போய்ப் பாறையில் உட்கார்ந்தார். ஒன்பது வருட வேலையை ஒரு சாப்பாட்டுப் பை கெடுத்துவிட்டதே என்று அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்:

"இங்க வர்றப்பல்லாம் என் குடையை எங்க மாட்டுவேன்?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"பாரையிலதானே?" என்றார். "வழியில நிக்குது, அந்தப் பக்கம் குத்துங்கன்னு ரெண்டு மூணு தடவை நானே சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், தோள் குலுங்க. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. மரத்துக்குப் பின்னாலிருந்து டிரைவரும் சிரித்தான். அவன் குத்தவுமில்லை, மாட்டவுமில்லை, அவனுக்கென்ன.

சிரித்து முடித்ததும் அவர் நோட்டில் இருபத்தேழின் வரிசையில் ஒரு கோடு போட்டார். "பதினாறுல ஒண்ணு போச்சு. பதினஞ்சு இருக்கு, போதும்." வெளிச்சம் விழுகிற பாத்திகளில் செடிகள் என் தலைக்கு மேலே போய்விட்டன, அங்கே வேர் வெட்டியதும் வெட்டாததும் கொஞ்சம்தான் வித்தியாசம். இருட்டில்தான், இந்தக் கல்லு மண்ணில், வெட்டியது வெட்டாததைப்போல் இரண்டு மடங்கு. "வெளிச்சம் கெடைச்சுட்டா பக்கத்துல இருக்கறவன் எடுத்துக்கறதைத் தாங்கிக்குது. ரெண்டும் இல்லன்னாதான் முடியல," என்றார். "இருபத்தேழு ஒண்ணும் எனக்கு எதிரா சாட்சி சொல்லல. நாமதான் அவனைத் தப்பான வரிசையில நிறுத்தி வெச்சிருந்தோம்."

பிறகு என் மனைவியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அந்த விதை வேண்டாம். நர்சரி வேணுமா வேண்டாமான்னு மேல திரும்பவும் பேசணும். வேற விதை வெச்சு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தா எனக்கு நீங்கதான் வேணும். நேத்து வரைக்கும் செடியக் கண்டுபிடிச்சதுக்காகக் கேட்டேன். இப்ப இந்த நோட்டுக்காகக் கேக்கறேன்."

அவள் செடியைப் பார்த்தாள்.

"இவன் இனி என்னம்மா ஆவான்?"

"பாரை வராது. ஆறு மாசத்துல பெரிய மரத்து வேர் எல்லாம் திரும்ப உள்ள வந்துரும். நின்னாலும் நிக்கலாம். இவ்வளவு உசரம் வந்துட்டான், மேல எங்கயாவது ஒரு ஓட்டை கெடைச்சா சமாளிச்சாலும் சமாளிப்பான். அளந்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்," என்றார் டாக்டரம்மா. கிளம்பும்போது குடையை எடுக்கத் திரும்பினார். வழக்கமான இடத்தில் பாரை இல்லை. குடை அவர் கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போலப் பாறைக்கு வந்தோம். வேறு எங்காவது போய்ச் சாப்பிடலாமே என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பாரையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே போட்டால் சருகு. சாய்த்து வைக்கலாம் என்றால், பக்கத்தில் நின்ற ஒவ்வொரு மரத்தின் அடியிலும் எறும்புச் சாரை. கடைசியில் பாறையின் மேலேயே பாரையின் அலகை ஊன்றி, இடது கையால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பையை அதன் தலையில் மாட்டினாள். மாட்டிவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதே."

"சிரிக்கல."

"நர்சரி வந்துச்சுன்னா போயிரு," என்றேன். "நிஜமாத்தான் சொல்றேன்."

"வரட்டும் பார்க்கலாம். போனா, இங்க பைய யாரு மாட்டுவா?"

"நானே மாட்டிப்பேன். ரெண்டு கை இருக்குல்ல."

"ஒரு கையில பாரை. ஒரு கையில பை. அப்புறம் எந்தக் கையால சாப்பிடுவீங்க?"

அவள் பையைத் திறந்து, என் சாப்பாட்டைப் பிரித்து மடியில் வைத்தாள். பிறகு தன்னுடையதைத் திறக்காமல், அளவுகோலை எடுத்துக்கொண்டு இருபத்தேழுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தாள். இந்த வாரம்தான் அளந்தாயிற்று, இன்னும் ஒரு மாதத்துக்கு அளக்கத் தேவையில்லை. மேலே எங்கோ காற்றடித்து இலை விலகியது. ஒரு காசு அளவு வெயில் சருகின் மேல் விழுந்து, அவள் முதுகில் ஏறி, தளிரின் மேல் வந்து நின்றது. என் கையில் பிடித்திருந்த பாரையில் ஒரே ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. என் விரல்கள் வரை வந்து, கொஞ்சம் தயங்கி, அவற்றின் மேலேயே ஏறிப் பைப் பக்கம் போயிற்று. நான் கையை அசைக்கவில்லை.